புத்தகத்தில் இல்லாத வேலை

நான் வாய்கூசாமல் பொய் சொல்லப் பழகியது பதினாலாவது வயதில். சொன்னது அப்பாவிடம். அதற்கு முன்னால் நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல வரவில்லை, அதெல்லாம் மாங்காய் திருடின பொய், பாடம் எழுதாத பொய். இது வேறு. மூணு மாசம் தினமும் சாயங்காலம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கிற மாதிரி விரலை ஓட்டிச் சொன்ன பொய்.

கோச்சடையில் எங்களுக்கு வீடு. அப்போது அது மதுரையோடு ஒட்டாத தனி ஊர். வைகைக்கரைப் பாதையில் அப்பா விறகும் கரியும் வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. டவுனில் கார் வைத்திருந்த பெரிய மனிதர்களில் பாதிப்பேர் காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டு ஜட்காவில் போனார்கள். அப்பாவிடம் வாடிக்கையாகக் கரி வாங்குகிற ஒரு வக்கீல், ஊரைவிட்டுப் போகும்போது தன்னுடைய கிழட்டு அமெரிக்கக் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வர, அது எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே பின்சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டது. அம்மா அதைக் கார் என்று சொன்னதே இல்லை. "போய்க் கூட்டுல முட்டை இருக்கான்னு பாரு" என்பாள்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். மேலூரில் நெல்வயல், களத்துமேடு, நாலு ஜோடி மாடு என்று வாழ்ந்துகொண்டிருந்தவர். எனக்குத் தாய்மாமன். நான் பிறந்து தொட்டிலில் போட்ட அன்றைக்கே, "இது எங்க வீட்டுக்கு வார பொண்ணு" என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு அப்போதே ஆறு வயதில் ஒரு மகன். அப்பா அந்தப் பேச்சுக்கு ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. "படிக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அப்படித்தான் நான் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூணாம் பாரம் வரைக்கும் போனேன். அந்த வருஷம் ஆவணியில் பெரியவளானேன். பள்ளிக்கூடம் அன்றோடு சரி.

எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் தகப்பன் செய்கிற முதல் காரியம், தட்டில் வெற்றிலைபாக்கு வைத்து எடுத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போவது. பாக்கு வைத்து அழைத்தால்தான் அவர் வருவார். பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டுவது, சீர் வைப்பது எல்லாம் அவர் உரிமை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டுவிட்டார். கடையில் ஆளில்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று காரணம் சொன்னார். எங்கள் தெருவே வாயில் கை வைத்தது.

சடங்கன்றைக்கு மாமா வந்தார். சீர்வரிசை இல்லை, ஓலை இல்லை, வெறும் கூண்டு மாட்டுவண்டி. வாசலுக்குள்ளே கால் வைக்காமல் தெருவிலேயே நின்றார்.

"என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. எனக்குக் கார்டுல சேதியா மாப்ள? நான் என்ன கரிமூட்டை வாங்குற ஆளா?"

மாமா உள்ளே அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "கெளம்பு தாயி. தட்டுல பாக்கு வச்சு இவரு நேர்ல வந்து கூப்பிடுறப்ப, பேச வேண்டியதப் பேசி முடிச்சிட்டு, திரும்ப வருவ."

அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். பிறந்தவீடு அறுந்துபோனால் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள் என்ற பயம் அவளுக்கு. என் தலையைத் தடவி, "ரெண்டே நாளுதான். உங்கப்பா வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"கார் ஓடட்டும். கார்லயே வந்து கூட்டிக்கிர்றேன்."

கோழி முட்டையிடுகிற கார்! எதிர்வீட்டுக்காரி, "அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கிற கதைதான்" என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். சடங்கு பேருக்கு நடந்தது.

ரெண்டு நாள் ரெண்டு வாரமாயிற்று. அப்பா விடிந்ததும் கடைக்குப் போய்விடுவார். நான் சோறாக்குவேன். என்னோடு படித்தவள் ஒருத்தி காலையில் புத்தகப் பையோடு எங்கள் வாசல் வழியாகப் போவாள். அவள் போகிற நேரத்துக்கு நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வயதுக்கு வந்த பெண் கிணற்றடிக்குப் போகக்கூட நேரம் காலம் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் அந்தச் சத்தம் மட்டும் எனக்கு. சாயங்காலம் அப்பா வந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக் கைகழுவுவார். அதோடு சரி. அந்தக் காலத்தில் பெரிய பெண்ணிடம் தகப்பன்மார் பேசமாட்டார்கள். பேச வேண்டியதை அம்மாவிடம் சொல்வார்கள், அம்மா மகளிடம் சொல்வாள். எங்கள் வீட்டில் நடுவில் சொல்ல ஆள் இல்லை. நான் கோழிகளோடு பேசினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பின்னால் தாலி அறுத்து உட்கார்ந்தபோதுகூட அந்த மாசத்தைப் போல நான் தனியாக இருந்ததில்லை.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டு எழுந்தவர், காரின் சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே படம் படமாக இயந்திரங்கள். அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வரும், இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"இதுல என்ன போட்டுருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு தாயி."

என்னோடு பேசிவிட்டார்! புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் பாதி எனக்கும் விளங்கவில்லை. மூணாம் பாரத்தில் ஆட்டுக்குட்டிப் பாட்டு சொல்லிக்கொடுப்பார்களே தவிர கார்புரேட்டரா சொல்லிக்கொடுப்பார்கள்? ஆனாலும் படத்தையும் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாதிரி கட்டிக்கொண்டு போனேன். கடையை நேரத்தோடு சாத்திவிட்டு அப்பா தினமும் வந்துவிடுவார். நான் படிப்பேன், அவர் கழற்றுவார். கழற்றியதை நான் மண்ணெண்ணெயில் கழுவி, வரிசை மாறாமல் சாக்கில் பரப்புவேன். வால்வுகளைப் பசைபோட்டுத் தேய்த்தோம். ரேடியேட்டர் ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தோம். ஒரு மாசம் கழித்து அப்பாவின் கை எது என் கை எது என்று தெரியாது, அம்புட்டுக் கருப்பு.

பெட்ரோலுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. அப்போது பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றை மாட்டி, அதில் கரியை மூட்டி, ப்ளோயர் என்கிற காற்றாடியைக் கையால் சுற்றினால் புகையிலிருந்து கேஸ் கிளம்பி எஞ்சினுக்குப் போகும். கரிதான் எங்கள் கடையில் கொட்டிக் கிடக்கிறதே. தெற்குவாசல் பட்டறை ஒன்றில் சொல்லி அப்பா ஓர் உருளை அடித்து வந்தார். ப்ளோயரைச் சுற்றுவது என் வேலை என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்யும்போது அப்பா பேசினார். யார் நம்புவார்கள்? தலையை எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டால் அவருக்குப் பேச்சு வந்துவிடும். சின்ன வயதில் வைகை வெள்ளத்தில் ஒரு பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு அக்கரை போனது, அம்மா கல்யாணமாகி வந்து மூணு மாசம் அவரோடு பேசாமல் சட்டியைத் தட்டித் தட்டியே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது, எல்லாம் சொன்னார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். என் அப்பாவுக்கு இடதுபக்கக் கடைவாய்ப்பல் இல்லை என்பது பதினாலு வருஷம் கழித்து அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகை கடைசியில் வேலை முடிகிற மாதிரி ஆயிற்று. புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் வண்டியைக் கிளப்புவது எப்படி என்று. தலைப்பைப் பார்த்ததும் என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. கார் ஓடினால் அம்மா வருவாள். அம்மா வந்தால் அப்பா மறுபடி அம்மாவிடம்தான் பேசுவார். நான் அடுப்படி, அவர் வாசல். காலையில் வெறும் வீட்டில் எனக்கு அம்மா வேண்டும், அழுகையாக வரும். சாயங்காலமானால் அப்பா வேண்டும். அன்றைக்கு நேரம் சாயங்காலம்.

"அடுத்து என்ன போட்டுருக்கு?" என்றார் அப்பா.

"கிளப்புறதுக்கு முந்தி சக்கரத்து மர ஆரக்கால் ஒவ்வொண்ணுக்கும் வேப்பெண்ணெய் தடவி ஒம்பது நாள் ஊறவைக்கணுமாம்ப்பா."

அமெரிக்காக்காரன் வேப்பெண்ணெய்க்கு எங்கே போனான் என்று அப்பா கேட்கவில்லை. மறுநாள் ஒரு கலயம் வேப்பெண்ணெய் வாங்கி வந்தார்.

முதல் பொய்தான் நாக்கில் முள்ளாகக் குத்தும். பிறகு வழுக்கிக்கொண்டு போகும். விளக்குகளைப் புளிபோட்டு மூன்று தடவை விளக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். மேல்மூடித் துணிக்கு வடிகஞ்சி போட்டுக் காயவைக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். மாட்டின நட்டையெல்லாம் ஒருதரம் கழற்றி எண்ணெயில் போட்டெடுத்து மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறது என்றேன். அப்பா எல்லாவற்றையும் செய்தார். டைனமோ படம் போட்ட பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சீட்டுக்குத் தேங்காய்நார் அடைப்பது பற்றிப் படித்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாதவர்தான், படம் பார்க்கவுமா தெரியாது? அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நான்தான் கெட்டிக்காரி என்று நினைப்பு. தை போய் மாசி வந்தது.

மேலூர் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் அப்பாவிடம்தான் கரி எடுப்பார். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவார். ஒரு நாள் கடையில் மூட்டை ஏற்றிவிட்டு வீடு வரைக்கும் வந்தவர், கொல்லையில் காரைப் பார்த்துவிட்டுப் பானட்டைத் தூக்கினார். அங்கே தட்டினார், இங்கே ஆட்டினார், அடியில் படுத்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு என்ன கேடு? தங்கமா இருக்கு. இன்னைக்குக் கிளப்பினா இன்னைக்கு ஓடும். எதுக்குப் போட்டு வச்சிருக்கீக?"

நான் மடியிலிருந்த புத்தகத்தை மூடினேன். அப்பா வேப்பெண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டே, "புஸ்தகத்துல இன்னும் வேலை பாக்கி இருக்குப்பா" என்றார்.

டிரைவர் புத்தகத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "மேலூர்ல மதினி தெனம் நாலு மணி பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வந்து நிக்கிறாகண்ணே. ஏறுறதுக்கு இல்ல. என்னப் பாத்ததும் 'கார் ஓடுச்சா தம்பி'ன்னு ஒத்தக் கேள்வி. 'நாளைக்கு ஓடும் மதினி'ன்னு நானும் எத்தன நாளைக்குச் சொல்றது? ஆளு பாதியாப் போயிட்டாக."

நான் உள்ளே போய்க் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். நானும் தனிதான், அவளும் தனிதான். ஆனால் நான் ஒரு ஆளை என் பக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, அவளை ரோட்டில் நிறுத்தியிருக்கிறேன். பெற்றவளை நிறுத்தியிருக்கிறேன். சீ, நீயெல்லாம் ஒரு மகளா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல வந்து சாக்கை விரித்தார்.

"அடுத்து என்ன போட்டுருக்கு தாயி?"

"ஒண்ணும் இல்லப்பா. முடிஞ்சிருச்சு."

"நல்லாப் பாரு. கடேசில ஏதாச்சும் இருக்கும்."

"இல்லப்பா. எல்லா வேலையும் முடிஞ்சிருச்சு. கிளப்ப வேண்டியதுதான்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாதவர், கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். எனக்குப் போலவே அவருக்கும் வேலை முடிந்துபோன வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன். "இன்னொருதரம் அந்த வால்வு சமாச்சாரம் பாக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம்ப்பா, அம்மா பாவம் என்றேன். அவர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "சரி, வியாழக்கிழமை அந்தத் திசைக்குச் சூலம் இல்ல. அன்னைக்குப் போவம்" என்றார்.

வியாழக்கிழமை சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கருவேலங்கரியை நிரப்பி நான் ப்ளோயரைச் சுற்றினேன். பத்து நிமிஷத்தில் கேஸ் பிடித்தது. அப்பா முன்னால் போய்க் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்ற, கொல்லை முழுக்க அதிர்ந்து கோழிகள் கூரைக்கு ஏறின. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். நான் அவளைப் பார்த்து மீசையை முறுக்குகிற மாதிரி சைகை செய்தேன். அப்பா பார்த்திருந்தால் உதை விழுந்திருக்கும்.

பஸ் டிரைவரிடம் அப்பா ஏற்கெனவே ஓட்டப் பழகியிருந்தார். முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் நான். டவுனைத் தாண்டி, பாலத்து ஏற்றத்தில் திணறி, ஒத்தக்கடை தாண்டி யானைமலையை இடதுபக்கம் விட்டுக்கொண்டு போனோம். வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏதாவது பேசுவார் என்று அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேலூர் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அப்பா தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள். "நீ வண்டிகிட்ட இரு தாயி. நெருப்பு அவிஞ்சிறாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எத்தனை பெரிய பொறுப்பு! நான் அவ்வப்போது ப்ளோயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். மாமா மகன் வந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உருளையைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். காரை இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசல் வழியாக உள்கூடமான பட்டகசாலை தெரிந்தது. அப்பா குனிந்து மாமா முன்னால் தட்டை வைத்தார். மாமா எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நாலு பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் என்னவோ பேசினார்கள். பிறகு உள்ளேயிருந்து இன்னொரு தட்டு வந்தது. மாமா அந்தத் தட்டை அப்பா கையில் கொடுத்தார், அப்பா தன் தட்டை மாமா கையில் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாவை அனுப்பி வைக்கிறார்கள் என்று சந்தோஷம் பொங்கி வந்து, நான் இன்னும் வேகமாக ப்ளோயரைச் சுற்றினேன். தட்டு மாற்றினால் என்ன என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஆவணியிலேயே தெரியும். அது தெரிந்துதான் அவர் பாக்குத் தட்டை எடுக்காமல் கார்டு போட்டார் என்பதும், வேப்பெண்ணெயும் வடிகஞ்சியும் அவருக்கு ஏன் அம்புட்டு இனித்தன என்பதும் எனக்கு விளங்க இன்னும் வருஷங்கள் இருந்தன.

மாமாவின் மனைவி செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். என் இரண்டு கையையும் இழுத்துப் பிடித்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். "எங்க வீட்டுக்கு வாரவ கை இப்பிடியா கருத்துக் கெடக்குறது? இன்னமே கரியில கை வச்ச, பாத்துக்க" என்று செல்லமாக அதட்டி, தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டாள். பெரியவர்கள் எப்போதும் சொல்கிறதுதானே என்று நான் சிரித்தேன்.

அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். புறப்படும்போது ப்ளோயரைச் சுற்றப் போனேன். அப்பா வந்து பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"விடு தாயி. நான் சுத்துறேன்."

"நான் சுத்துறேம்ப்பா."

"வேணாம். அதான் கை கழுவிட்டாகள்ல."

முன்சீட்டில் அம்மா ஏறிக்கொண்டாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அம்மா வந்ததும் நான் வேண்டாதவளாகிவிட்டேன், வேலை முடிந்ததும் கழற்றி விட்டார் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அப்பா ரெண்டு தடவை, "தாயி, பின்னாடி புகை வருதா பாரு" என்று கேட்டார். புகை வந்துகொண்டுதான் இருந்தது. மதுரை வரும்வரை நான் பதிலே சொல்லவில்லை.